எட்டுப் பெண்ணுக்கு ஓர் ஆண், இரண்டு அறைக்கு மூன்று பேர்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து வாஷிங்டனில், இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு சின்ன ஃபிளாட். குடியிருப்பவள் ஓர் இளம்பெண். நாட்டுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அதில் பாதியை உள்வாடகைக்கு விட விளம்பரம் கொடுக்கிறாள். பெண்தான் வேண்டும் என்று அவள் நினைத்திருக்க, வந்து சேர்வது ஒரு கிழவர். அந்தக் கிழவர் மறுநாளே தன் பாதியில் பாதியை, அவளிடம் மூச்சுவிடாமல், ஒரு ராணுவ சார்ஜென்ட்டுக்கு விட்டுவிடுகிறார். 1943 மே மாதம் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'தி மோர் தி மெரியர்' படத்தின் கதையை இதற்குமேல் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியான காலத்தில் இது சாதாரணப் படமல்ல. சிறந்த படம், இயக்குநர், நடிகை, துணை நடிகர், மூலக்கதை, திரைக்கதை என்று ஆஸ்கருக்கு 6 பரிந்துரைகள். நியூயார்க் விமர்சகர்கள் வட்டம் அந்த ஆண்டின் சிறந்த இயக்குநராக ஜார்ஜ் ஸ்டீவன்ஸைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவை என்று பேச்செடுத்தால் 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்', 'பிரிங்கிங் அப் பேபி', 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' என்று வரிசை ஓடுமே, அதில் இதன் பெயர் வருவது அபூர்வம். போர்க்காலத்துச் சமாச்சாரம், வீட்டுப் பஞ்சம், அந்தக் கால அமெரிக்க அரசு அலுவலகக் கிண்டல் என்று நாள்பட்டுப்போகக்கூடிய சரக்கு இதில் நிறைய இருப்பது ஒரு காரணம். ஆனால் எனக்குத் தெரிந்து, இட நெருக்கடியையே காதல் காட்சியின் இலக்கணமாக மாற்றிய படம் அந்தக் காலகட்டத்தில் இதைப்போல் இன்னொன்று இல்லை. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

நிரம்பி வழிந்த ஊர்

1940 மக்கள்தொகைக் கணக்கில் வாஷிங்டன் நகரத்தில் 6,63,091 பேர். 1950-ல் 8,02,178. இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி போருக்காக வந்து குவிந்தது. 1941 செப்டம்பரில் பென்டகன் கட்டடத்துக்குப் பூமி வெட்டினார்கள், 1943 ஜனவரியில் முடித்தார்கள். நடுவில் இடம் போதாமல், நினைவுச் சின்னங்களுக்கு இடையே இருந்த புல்வெளியிலேயே தற்காலிக அலுவலகக் கொட்டகைகள் முளைத்தன. சிற்றூர்களிலிருந்து தட்டச்சர்களாகவும் எழுத்தர்களாகவும் இளம்பெண்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். 'கவர்ன்மென்ட் கேர்ள்ஸ்' என்று பத்திரிகைகள் அவர்களை அழைத்தன. ஆண்கள் படையில், பெண்கள் அலுவலகத்தில். ஓர் ஆணுக்கு எட்டுப் பெண்கள் என்று படத்தில் திரும்பத் திரும்ப ஒரு கணக்கு வரும். மிகைதான். ஆனால் அன்று தியேட்டரில் இருந்தவர்களுக்கு அது உடனே பிடிபட்டிருக்கும்.

படம் தொடங்குவதே ஒரு போலிச் சுற்றுலாப் படமாக. எழிலார்ந்த தலைநகரம், விருந்தோம்பல், சாவகாசமான வாழ்க்கை என்று பின்னணிக் குரல் வாய் நிறையப் புகழ்கிறது. திரையிலோ 'இடமில்லை' பலகைகளும் நெரிசலும். குரலுக்கும் படத்துக்கும் இடையே ஓடும் இந்தப் பொய்தான் முதல் சிரிப்பு. பிறகு அந்தக் கிழவர், பெஞ்சமின் டிங்கிள், வருகிறார். ஓய்வுபெற்ற கோடீஸ்வரர், வீட்டுப் பஞ்சத்துக்கு ஆலோசனை சொல்ல அரசு அழைத்த நிபுணர். இரண்டு நாள் முன்னதாக வந்துவிட்டதால் அவருக்கே ஹோட்டலில் அறை இல்லை. அறை விளம்பரத்தைப் பார்த்து அந்த முகவரிக்குப் போனால், வாசலில் பெரிய கூட்டம். கிழவர் தயங்கவேயில்லை. வீட்டுக்காரர் தோரணையில், 'அறை போய்விட்டது' என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு, தானே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார். வீட்டுவசதி ஆலோசகர் வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கும் விதம் இது.

டிங்கிளுக்கு ஒரு தாரக மந்திரம் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864-ல் மொபைல் விரிகுடாச் சண்டையில் அட்மிரல் ஃபராகட் சொன்னதாகச் சொல்லப்படும் வாசகம்: டார்பிடோவாவது மண்ணாங்கட்டியாவது, முழு வேகத்தில் போ! அந்த அட்மிரலின் சிலை இன்றும் வாஷிங்டனின் ஃபராகட் சதுக்கத்தில் நிற்கிறது. கிழவர் படம் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டும் பாடிக்கொண்டும், அடுத்தவர் வாழ்க்கைக்குள் முழு வேகத்தில் புகுந்துகொண்டும் இருக்கிறார்.

படம் பிறந்த கதை

கதாநாயகியாக நடித்த ஜீன் ஆர்தருக்கும் கொலம்பியா முதலாளி ஹாரி கோனுக்கும் ஆகவே ஆகாது. கோன் அனுப்பும் கதைகளை அவர் மறுப்பார், கோன் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பார். இது பல ஆண்டு வழக்கம். ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய படங்கள் மட்டும் பாக்கியாக நின்றன. இந்த நிலையில் ஆர்தரும் அவர் கணவர் ஃபிராங்க் ராஸும் தாங்களே கதை தேடினார்கள். கருவைத் தந்தவர் எழுத்தாளர் கார்சன் கேனின் என்றும், தம்பதியர் கைக்காசு போட்டு அவரை எழுதவைத்தார்கள் என்றும் திரை வரலாறுகள் சொல்கின்றன. கேனின் அப்போது ராணுவத்தில் இருந்தார். டைட்டிலில் அவர் பெயர் இல்லை. ராபர்ட் ரஸ்ஸல், ராஸ், ரிச்சர்ட் ஃபிளர்னாய், லூயிஸ் ஃபாஸ்டர் ஆகிய நான்கு பேருக்குத்தான் திரைக்கதைப் பெயர்.

ஸ்டீவன்ஸுக்குக் கொலம்பியாவில் இது மூன்றாவது படம். படப்பிடிப்புத் தளத்துக்குள் கோன் எட்டிப் பார்க்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அங்கே போனவர் அவர். நிதானமாக, பல கோணங்களில் திரும்பத் திரும்ப எடுப்பது அவர் பாணி. படச்சுருளுக்குக் கணக்குப் பார்க்கும் முதலாளி பக்கத்தில் நின்றிருந்தால் இந்தப் படம் இந்த உருவத்தில் வந்திருக்காது.

அவருடைய பழைய தொழில்தான் இந்த ஆய்வுக்கு முக்கியம். இயக்குநர் ஆவதற்கு முன் ஹால் ரோச் ஸ்டுடியோவில் லாரல்-ஹார்டி குறும்படங்களுக்குக் கேமரா பிடித்தவர் ஸ்டீவன்ஸ். 1929-ல் வந்த 'பிக் பிசினஸ்' அதில் ஒன்று. கிறிஸ்துமஸ் மரம் விற்கப்போன இருவருக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை. இவர்கள் அவர் வீட்டை உடைப்பார்கள், அவர் இவர்கள் காரை உடைப்பார். ஒருவர் உடைக்கும்போது மற்றவர் தடுக்க மாட்டார். நின்று, பொறுமையாகப் பார்த்து, முடிந்ததும் தன் முறைக்கு ஆரம்பிப்பார். அடியில் பாதிச் சிரிப்பு என்றால், அடிக்கும் பதிலடிக்கும் நடுவே உள்ள தாமதத்தில் மீதி. இந்தத் தாமதத்தை ஸ்டீவன்ஸ் காதலுக்குக் கொண்டுவந்தார்.

நிமிடக் கணக்கு

முதல் அரைமணி நேரம் சுத்தமான உடல்மொழி நகைச்சுவை. ஃபிளாட்டில் குடியிருக்கும் அந்த இளம்பெண், ஆர்தர் நடிக்கும் கான்னி மில்லிகன், ஒழுங்குக்காரி. ஒரே குளியலறை, ஒரே காபிப் பாத்திரம், ஆள் இரண்டு. ஆகவே காலை நேரத்துக்கு நிமிடவாரியாக அட்டவணை போட்டு, ஃபிளாட்டின் வரைபடத்தோடு கிழவருக்குப் பாடம் எடுக்கிறாள். எத்தனை மணிக்கு யார் குளியலறையில், யார் பேப்பர் எடுப்பது, யார் காபி வைப்பது. கிழவர் மண்டையை மண்டையை ஆட்டுகிறார். விடிந்ததும் எல்லாம் தலைகீழ். கால்சட்டையைக் காணோம், கதவு சாத்திக்கொள்கிறது, ஆள் வெளியே. இந்தக் காட்சியில் டிங்கிளாக நடிக்கும் சார்ல்ஸ் கோபர்னின் முகத்தைக் கவனியுங்கள். 1877-ல் பிறந்தவர், அறுபது வயதை ஒட்டித்தான் சினிமாவையே தொழிலாக எடுத்துக்கொண்டார். ஒற்றைக்கண் கண்ணாடியும் தொந்தியுமாக, இவ்வளவு களேபரத்திலும் தன் கௌரவம் துளிகூடக் குறையவில்லை என்று நம்பும் மனிதர். விழுந்து புரள்பவர்களைவிட இப்படி விறைப்பாகவே இருந்து அவதிப்படுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பு அதிகம் வருகிறது.

பிறகு சார்ஜென்ட் ஜோ கார்ட்டர் வருகிறான், தோளில் ஒரு விமான புரொபெல்லரோடு. அவனாக நடிக்கும் ஜோயல் மெக்ரே ஆறடிக்கு மேல் உயரம். ஏற்கெனவே நெருக்கடியான ஃபிளாட்டில் அந்த உடம்பும் அந்த புரொபெல்லரும். கிழவருக்கு அவனைப் பிடித்துப்போகிறது, பாதியில் பாதியைக் கொடுத்துவிடுகிறார். கான்னிக்குத் தெரியாது. அதன்பின் ஒரு நீண்ட ஓட்டம்: அவள் இந்தக் கதவால் போகும்போது அவன் அந்தக் கதவால் வருகிறான். எங்கிருந்தோ ரும்பா இசை கேட்கிறது. அவள் தன் அறையில் தனியாக இடுப்பை அசைக்கிறாள், அவனும் தன் பக்கத்தில் தனியாக அசைகிறான், ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமலே. சந்திப்பதற்கு முன்பே இருவரும் சேர்ந்து ஆடிவிடுகிறார்கள், பார்வையாளருக்கு மட்டும் அது தெரிகிறது. உண்மை தெரிந்ததும் இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்கிறாள் கான்னி. ஆனால் வாங்கிய வாடகையை அவள் ஏற்கெனவே செலவழித்துவிட்டாள். திருப்பிக் கொடுக்கப் பணமில்லை, எனவே இருங்கள் என்கிறாள். இந்தக் கதையில் ஒவ்வொரு திருப்பமும் இப்படி ஒரு சில்லறைக் காரணத்தால்தான் நடக்கிறது.

அவளுக்கு ஏற்கெனவே நிச்சயம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை சார்ல்ஸ் ஜே. பெண்டர்காஸ்ட், அரசுப் பெரிய அதிகாரி. தலையில் முடியில்லை, சம்பளம் நிறைய. நிச்சயம் முடிந்து 22 மாதம் ஆகிறது. இன்னும் அவரை அவள் 'மிஸ்டர் பெண்டர்காஸ்ட்' என்றுதான் சொல்கிறாள். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட அம்மா பட்ட கஷ்டத்தைப் பார்த்தவள், அதனால் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தவள். படம் அவளைக் கேலி செய்தாலும் அந்தக் காரணத்தைக் கேலி செய்யவில்லை. ரிச்சர்ட் கெயின்ஸ் நடித்த அந்த மாப்பிள்ளை கெட்டவரும் இல்லை, எப்போதும் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டே இருப்பவர், அவ்வளவுதான்.

வாசற்படி

இந்தப் படத்தைத் தெரிந்தவர்கள் எல்லாரும் பேசும் காட்சி இது. இரவு. மிஸ்டர் பெண்டர்காஸ்டைக் கிழவர் வீட்டுவசதித் திட்டம் என்று பேச்சில் மடக்கி உட்காரவைத்துவிட, ஜோவும் கான்னியும் நடந்தே வீடு திரும்புகிறார்கள். தெருவெங்கும் ஜோடிகள், ஆண்-பெண் கணக்கு அன்றைக்கு மட்டும் சரியாகிவிட்டதுபோல. இவர்கள் நடக்கிறார்கள், நிற்கிறார்கள். அவன் கை அவள் இடுப்புக்குப் போகிறது, அவள் எடுத்துவிடுகிறாள், பேச்சை நிறுத்தாமல். கை தோளுக்கு வருகிறது. அவள் நகர்கிறாள். வீட்டு வாசற்படியில் உட்கார்கிறார்கள். அவள் பேசுவது முழுக்க மிஸ்டர் பெண்டர்காஸ்டைப் பற்றி: எவ்வளவு பக்குவமானவர், எவ்வளவு பொறுப்பானவர். மோதிரத்தைக் காட்டுகிறாள். அவன் மோதிரத்தைப் பார்க்கிறேன் பேர்வழி என்று கையைப் பிடித்துக்கொள்கிறான். கழுத்தில் முத்தமிடுகிறான். அவள் வாக்கியம் நடுவில் தடுமாறி, மறுபடி எழுந்து, மறுபடி தடுமாறுகிறது.

வெட்டு மிகக் குறைவு. இருவரும் ஒரே சட்டகத்தில் இருக்கிறார்கள். அந்தரங்கமான க்ளோஸ்-அப்புகளை அடுக்கி, இசையை ஏற்றி, இப்போது உருகுங்கள் என்று சொல்லும் வேலையே இல்லை. ஒருவர் செய்கிறார், மற்றவர் காத்திருந்து பதில் தருகிறார். 'பிக் பிசினஸ்' கட்டமைப்பேதான், உடைப்புக்குப் பதில் வருடல். ஆர்தரின் குரலும் பெரிய துணை. கரகரப்பும் கீச்சும் கலந்து, எந்த இடத்தில் உடையும் என்று தெரியாத குரல் அது. மிஸ்டர் பெண்டர்காஸ்டின் வருமானத்தைப் பற்றிப் பேசும்போது அந்தக் குரல் உடையும் இடங்களில்தான் அவள் மனது வெளியே வருகிறது, சொற்களில் இல்லை.

இன்றைய கண்ணுக்கு, எடுத்துவிட்ட கை மறுபடி மறுபடி வருவது நெருடலாம். அந்த நெருடல் நியாயமானதே. ஆனால் காட்சியைக் கூர்ந்து பார்த்தால், உள்ளே போக வேண்டியவள் போகாமல் படியில் உட்காருகிறாள், அவனுடைய பழைய தோழிகளைப் பற்றி அவளாகவே விசாரிக்கிறாள், கடைசியில் அவன் முகத்தை இரு கையாலும் பிடித்து முத்தமிடுவதும் அவள்தான். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல், மிஸ்டர் கார்ட்டர், மிஸ் மில்லிகன் என்று மரியாதையாக விடைபெறுகிறார்கள். அவன் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தபிறகுதான் தானும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறோம் என்று நினைவு வருகிறது. உருகலின் உச்சத்தில் இந்தச் சின்ன அபத்தத்தை வைப்பவன்தான் நகைச்சுவைக்காரன்.

சுவர்

1934 முதல் ஜோசப் பிரீனின் தணிக்கை அலுவலகம் ஹாலிவுட் படங்களைக் கத்தரிக்கோலோடு பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணமாகாத ஜோடியை ஒரே படுக்கையில் காட்ட முடியாது. அதே கொலம்பியா 1934-ல் 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' படத்தில் இரு கட்டிலுக்கு நடுவே கயிறு கட்டிப் போர்வை தொங்கவிட்டுச் சமாளித்தது. ஸ்டீவன்ஸ் போர்வைக்குப் பதில் நிஜச் சுவரையே வைத்தார். கான்னியின் அறைக்கும் ஜோவின் அறைக்கும் நடுவே மெல்லிய தடுப்பு. இருவர் கட்டிலும் அந்தத் தடுப்பின் இருபுறமும் ஒட்டிக் கிடக்கின்றன. கேமரா கட்டடத்துக்கு வெளியே நின்று, பக்கத்துப் பக்கத்து ஜன்னல்கள் வழியாக இருவரையும் சேர்த்துப் பார்க்கிறது. சுவர் ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கிவிடுகிறது. திரையில் தெரிவது ஒரே கட்டிலில் படுத்துப் பேசிக்கொண்டிருக்கும் ஜோடி. காதலைச் சொல்வதும் கல்யாணம் கேட்பதும் அந்தச் சுவர் வழியாகவே நடக்கிறது. தணிக்கைக்காரர் குற்றம் சொல்ல முடியாது, நடுவில் சுவர் இருக்கிறதே! வீட்டுப் பஞ்சம் கட்டிய சுவரும் தணிக்கை கட்டிய சுவரும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. படத்தின் மூளை இந்த ஒரு ஷாட்டில் இருக்கிறது என்பேன்.

அதற்குப் பின் கதை கொஞ்சம் தறிகெட்டு ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஜோவை ஜப்பானிய உளவாளி என்று எஃப்.பி.ஐ-க்குப் போட்டுக்கொடுக்க, ஜோடியை விசாரணைக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரே முகவரி என்ற விஷயம் அம்பலமாகிறது, நிருபர் ஒருவர் காதிலும் விழுகிறது. அவதூறைத் தவிர்க்க அவசரக் கல்யாணம், பிறகு ரத்து செய்துகொள்ளலாம் என்று யோசனை சொல்கிறார் கிழவர். காத்திருப்புக் காலம் இல்லாத தென் கரோலினாவுக்குப் பறந்துபோய்த் தாலி கட்டாத குறையாக எழுதி முடித்துவிட்டு வருகிறார்கள். அழுதுகொண்டே வீடு திரும்பும் கான்னிக்கு உடனே உறைக்கவில்லை: நடுவில் இருந்த சுவரைக் கிழவர் இடிக்கச் செய்துவிட்டார். வாசலில் பெயர் அட்டையையும் மாற்றிவிட்டார்.

உளவாளி விவகாரம் எனக்கு ஒட்டவில்லை. 1942 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ஆணையால் மேற்குக் கடற்கரையின் ஜப்பானிய வம்சாவளி மக்கள் வீடு வாசலை விட்டு முகாம்களுக்குப் போக நேர்ந்தது. அடுத்த ஆண்டு வந்த படத்தில் அது ஒரு பையனின் விளையாட்டுத்தனமாக வந்துபோகிறது. வாஷிங்டனின் வீட்டுப் பஞ்சத்தில் அதிகம் நசுங்கிய கறுப்பின மக்களும் படத்தில் ஏறக்குறைய இல்லை. இன ஒதுக்கல் சட்டபூர்வமாக இருந்த ஊரில், அறைக்காக நிற்கும் அந்த வரிசையில் யாரெல்லாம் நிற்கவே முடியாது என்று கேமரா கேட்கவில்லை. டிங்கிளும் அப்படி ஒன்றும் அப்பாவித் தாத்தா இல்லை. கான்னியின் டைரியை எடுத்து மொட்டைமாடியில் ஜோவுக்கு வாசித்துக்காட்டுகிறார். பிடிபட்டதும் பழியைத் தான் ஏற்று வெளியேறுகிறார் என்றாலும், செய்தது செய்ததுதான். கோபர்ன் அல்லாத வேறு யார் நடித்திருந்தாலும் அந்த ஆளை நமக்குப் பிடித்திருக்காது.

பிறகு

1944 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவில் 'காஸாபிளாங்கா' சிறந்த படம், ஜெனிஃபர் ஜோன்ஸ் சிறந்த நடிகை. கோபர்னுக்கு மட்டும் விருது. துணை நடிகர்களுக்கும் கேடயத்துக்குப் பதிலாக முழு அளவுச் சிலை கொடுக்க ஆரம்பித்ததும் அந்த ஆண்டுதான். ஆர்தர் தன் வாழ்நாளில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது இந்த ஒரே தடவை. 1944-ல் கொலம்பியா ஒப்பந்தம் முடிந்தபிறகு அவர் நடித்தவை இரண்டே திரைப்படங்கள்: 1948-ல் 'எ ஃபாரின் அஃபேர்', 1953-ல் 'ஷேன்'. இரண்டாவதை இயக்கியவர் ஸ்டீவன்ஸ்.

ஸ்டீவன்ஸ் இந்தப் படத்தை முடித்த கையோடு ராணுவத்தில் சேர்ந்தார். அவர் தலைமையிலான படப்பிடிப்புக் குழு நார்மண்டி இறக்கத்தையும் பாரிஸ் விடுதலையையும் பதிவுசெய்தது, 1945-ல் டாகாவ் வதைமுகாமுக்குள்ளும் போனது. அங்கே எடுத்தவை நியூரம்பெர்க் விசாரணையில் சாட்சியாயின. திரும்பி வந்தவர் 'எ பிளேஸ் இன் தி சன்', 'ஜயன்ட்', 'தி டைரி ஆஃப் ஆன் ஃபிராங்க்' என்று கனமான படங்களுக்குப் போய்விட்டார். இந்த மாதிரி விளையாட்டுக்கு அவர் மறுபடி வரவேயில்லை. விமர்சகர்கள் அவரை அந்தப் பெரிய படங்களை வைத்தே எடைபோட்டதில் இது பின்னுக்குப் போனது. எனக்கோ 'ஜயன்ட்' படத்தின் மூன்று மணி நேரத்தைவிட அந்த வாசற்படிச் சில நிமிடங்கள் மேல்.

1966-ல் கொலம்பியாவே இதை 'வாக், டோன்ட் ரன்' என்று மறுபடி எடுத்தது. 1964 ஒலிம்பிக் நேரத்து டோக்கியோ, கிழவர் இடத்தில் கேரி கிராண்ட். அவருடைய கடைசிப் படம் அது. ஊர் நெருக்கடி இருக்கிறது, அட்டவணை இருக்கிறது, வண்ணமும் அகலத்திரையும் இருக்கின்றன. ஆனால் இரண்டு வருடத்தில் ஹாலிவுட்டின் பழைய தணிக்கை விதிகளே காலாவதியாகப்போகிற நேரம். ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள் என்பதால் ஊர் வாய்க்குப் பயந்து கல்யாணம் என்றால், 1966-ல் அதை நம்புவது கஷ்டம். அதோடு, நாளைக்குப் போர்முனைக்குப் போகிற சார்ஜென்ட் ஜோவுக்கு இருந்த அவசரம், புதிய படத்தின் நாயகனான ஒலிம்பிக் நடைப்போட்டிக்காரனுக்கு எங்கிருந்து வரும்?